திரும்ப மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா?

கேள்வி: துருக்கியில் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உணர்வுத் தேவைகளை அளக்கும் 24 கூற்றுகள் கொண்ட ஆங்கில அளவுகோலைத் துருக்கி மொழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்தபோது மூலத்தோடு ஒத்துப்போனது. கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா 0.86. ஆனாலும் நெறியாளர் போதாது என்கிறார். என்ன குறை?

பதில்: நெறியாளர் சொல்வது சரிதான். திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்ப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்த, யாருமே பேசாத வாக்கியம்தான் திரும்பும்போது மூலத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். ஆல்பாவும் அப்படித்தான். கூற்றுகளின் எண்ணிக்கை கூடினாலே அது ஏறிவிடும். நீங்கள் எதை அளந்தீர்கள் என்று அது சொல்லாது.

நீங்கள் செய்யாமல் விட்ட படி, ஆட்களோடு உட்கார்ந்து பேசுவது. 'முக்கியமான முடிவுகளை நானே எடுக்கிறேன்' என்றொரு கூற்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். கொன்யா நகரில் ஓர் இளம்பெண், அம்மாவிடம் கலந்து பேசி, மனமொப்பித்தான் வேலையை மாற்றினார். அவர் 'ஆம்' என்பாரா, 'இல்லை' என்பாரா? 'இல்லை' என்றால் உங்கள் கணக்கில் அவருடைய தன்னாட்சித் தேவை, அதாவது சுயமாக இயங்கும் தேவை, நிறைவேறவில்லை என்றாகிவிடும். அவருக்கோ ஒரு குறையும் இல்லை. துருக்கிய உளவியலாளர் சீதெம் காயிட்சிபாஷி வலியுறுத்தியது இதைத்தான்: சுயமாக இயங்குவது வேறு, பிறரிடமிருந்து விலகி நிற்பது வேறு. நெருக்கமான உறவுக்குள் இருந்துகொண்டே ஒருவர் சுயமாக இயங்கலாம். அவரைப் படிக்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எனவே வெவ்வேறு வயது, படிப்பு, ஊர் உள்ள பத்துப் பதினைந்து பேரைப் பிடியுங்கள். ஒவ்வொரு கூற்றையும் படித்துவிட்டு, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். உளவியல் மாணவர்கள் மட்டும் வேண்டாம். இத்தகைய வினாத்தாளுக்குப் பழகிப்போனவர்கள் அவர்கள். அப்புறம், எதிர்மறைக் கூற்றுகளைக் கவனியுங்கள். துருக்கி மொழியில் 'இல்லை' பெரும்பாலும் வினைச்சொல்லுக்குள் ஒரு சிறு அசையாக ஒளிந்திருக்கும். வேகமாகப் படிப்பவர் தவறவிட்டால், அந்தக் கூற்றுகள் எல்லாம் சேர்ந்து இல்லாத ஒரு காரணியை (கூற்றுகளுக்கு அடியில் இருக்கும் பொதுவான பண்பை) உருவாக்கிக் காட்டும்.

கூற்றுகளைத் திருத்திய பிறகுதான் எண்கள். குறைந்தது 300 பேராவது இருக்கட்டும். மூலத்தின் அமைப்பு, அதாவது எந்தக் கூற்று எந்தக் காரணியைச் சேர்ந்தது என்பது, இங்கும் பொருந்துகிறதா என்று உறுதிப்படுத்தும் காரணி ஆய்வில் பாருங்கள். பொருந்தாமல் போய்ப் புது அமைப்பைத் தேடினால், அதை வேறொரு குழுவில்தான் சோதிக்க வேண்டும். தேடிய தரவிலேயே உறுதிப்படுத்துவது ஏமாற்று வேலை. மூல ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டும் கையில் இருக்கும் என்று நம்புகிறேன்.

துருக்கிய சராசரியை அமெரிக்கச் சராசரியோடு ஒப்பிடும் அட்டவணை ஆய்வேட்டில் இருந்தால் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். இரு நாட்டுத் தரவையும் சேர்த்து அளவீட்டுச் சமத்தன்மையை, அதாவது அளவுகோல் இரு நாட்டிலும் ஒரே விதமாக அளக்கிறதா என்பதை, சோதிக்க வேண்டும். காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கூற்றும் காரணியோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்ற எண்கள்) மட்டுமல்ல, கூற்றுகளின் தொடக்க மதிப்புகளும் (காரணி சுழியாக இருக்கும்போது கூற்று பெறும் மதிப்பெண்) சமம் என்று தெரிந்த பிறகு அந்த அட்டவணையைச் சேர்த்துக்கொள்ளலாம்.