ஆடியோ ஆர்வலர்கள் கவனிக்காமல் விட்ட இசைக் கலைஞர் என்று யாரைச் சொல்வீர்கள்? அவரை மற்றவர்களுக்கு எப்படி அறிமுகம் செய்தீர்கள்?

வேலூர் ராமபத்ரன். எங்கள் ஊரில் பிறந்தவர், ஆனாலும் எனக்கே அவரைத் தெரிய நாற்பது வயதாயிற்று.

கச்சேரி கேட்பவர்களுக்கு அவர் புதியவர் இல்லை. 1929-இல் வேலூரில் பிறந்து, தந்தையிடமே மிருதங்கம் கற்றவர். 2004-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். 2012-இல் காலமானார். ஆனால் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் என்று அலைகிற எங்கள் கூட்டம் வேறு. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஆறேழு பேர் சேருவோம். புது வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வந்தால் வெளிநாட்டு ஜாஸ், இல்லையென்றால் எல்லோருக்கும் மனப்பாடமான சினிமாப் பாட்டு. வேறெதையும் யாரும் போட்டதில்லை.

ஒருநாள் அப்பாவின் பெட்டியிலிருந்து, ராமபத்ரன் மிருதங்கம் வாசித்த பாடகர் டி.கே. ஜெயராமன் கச்சேரி கேசட் ஒன்றை எடுத்துப் போனேன். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் அதே மிருதங்கம் வெறும் டொக் டொக் என்றுதான் கேட்கும். அந்த மாடியில்தான் தொப்பியை, அதாவது இடது பக்கத்தை, முழுசாகக் கேட்டேன். கச்சேரிக்கு முன் அதில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனத்தால்தான் நாதம் கீழே இறங்குகிறது. சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. இத்தனை வருஷமும் அவருடைய வலது கையை மட்டுமே கேட்டிருக்கிறேன்!

பிறகு அவர் வாசித்த பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டேன். கணக்கைக் காட்டி மிரட்டாமல் பாட்டின் ஓட்டத்தோடே போகிற சர்வலகு நடைதான் அவர் பலம். பாடுபவர் ஒரு வரியில் நின்று நிதானிக்கும்போது வலது கை ஏறக்குறைய ஓய்ந்துவிடும், இடது கையின் கும்கி, அதாவது தொப்பியில் எழும் அந்தக் கனத்த நாதம் மட்டும் அடியில் தாங்கிக்கொண்டே இருக்கும். இதைக் கேட்க வைக்காத ஸ்பீக்கர் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பகிர்வதில் ஒன்று கற்றுக்கொண்டேன். "அருமையான கச்சேரி, கேளுங்க" என்று இரண்டு மணி நேரப் பதிவை அனுப்பினால் ஒருவரும் திறப்பதில்லை. மூன்று நிமிஷம் வெட்டி, "பாட்டை விட்டுடுங்க, இடது கையை மட்டும் கேளுங்க" என்று எழுதி அனுப்பினேன். ஜாஸ் தவிர எதையும் தொடாத நண்பர் அன்றிரவே கூப்பிட்டு முழுக் கச்சேரியையும் அனுப்பச் சொன்னார்.

பாடுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவரைக் கேட்கிற இந்தப் பழக்கம்தான் என்னைக் கூத்துக்கு இழுத்துப் போனது. ஆரணிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் வெயில் காலத்தில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். வேஷக்காரர்களுக்குப் பின்னால் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு முகவீணை ஊதுபவர் இருப்பார். பெயரில்தான் வீணை. சீவாளி (நாதஸ்வரத்தில் இருப்பது போன்ற ஊதுமுனை) வைத்து ஊதுகிற, ஒரு முழத்துக்கும் குறைவான குழல் அது. பாடி முடித்த அடியை அது உச்சத்தில் வாங்கித் திரும்பச் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் கோயில் குழாய் ஸ்பீக்கரில் அது வெறும் கீச்சு. அதனால் ஒலிப்பதிவுக் கருவியோடு ஸ்பீக்கருக்கு எதிரே நிற்காமல், அனுமதி கேட்டு, ஊதுபவருக்கு நாலடி தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஊதும்போது சத்தம் எகிறும் என்பதால் பதிவு அளவை நன்றாகக் குறைத்து வைக்க வேண்டும். முதல் தடவை அது தெரியாமல் பாதி ராத்திரிப் பதிவு கரகரத்துப் போனது, இன்றும் எனக்கு ஆறவில்லை.

விடிந்ததும் முகவீணை ஊதிய பெரியவரிடம் பெயரும் ஊரும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

"இன்னா தம்பி, எம் பேரையா எழுதற? வேஷம் கட்றவங்க பேரத்தானே எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

அவர் சம்மதத்தோடு, அவர் பெயரையே முதலில் போட்டு அந்தப் பதிவை நண்பர்களுக்கு அனுப்பினேன். அடுத்த கூத்துக்கு மாடிக் கூட்டத்தில் நாலு பேர் என்னோடு வருகிறார்கள்.