வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு அடிலெய்டின் கோடை எப்படி இருந்தது?

வரும் ஜனவரியில் இரண்டு குழந்தைகளோடு அடிலெய்டுக்குக் குடிபெயர இருப்பதாகவும், திருச்சி வெயிலில் வளர்ந்த உங்களுக்குத் தென் ஆஸ்திரேலியாவின் கோடை ஒரு பொருட்டாக இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை, இதைவிடக் கொஞ்சம் கூடுதலான இறுமாப்போடு, 2014-இல் நானும் கேட்டேன். நீரில்லாத ஆறும் மரமில்லாத மலையும் உள்ள ஊர் என்று கேலி பேசப்படும் வேலூரில் பிறந்து, கத்திரி வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த எனக்கு, இங்குள்ளவர்கள் வெயில் வெயில் என்று புலம்புவது வேடிக்கையாகத்தான் இருந்தது. முதல் கோடையிலேயே அந்த இறுமாப்பு தீர்ந்துவிட்டது.

ஜனவரியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, ஊரில் செய்வதைப் போலவே, காற்று வரட்டும் என்று வாடகை வீட்டின் எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்தேன். காற்று வந்தது; ஆனால் அது செங்கல் சூளையின் வாயிலிருந்து வருவது போன்ற காற்று. மதியத்துக்குள் சுவர், கட்டில், தலையணை எல்லாம் தொட்டால் சுட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த இத்தாலியப் பாட்டி என்னைக் கூப்பிட்டு, தன் வீட்டைக் காட்டினார். எல்லாச் சன்னல்களும் சாத்தி, வெளிப்புற ரோலர் ஷட்டர்கள் இறக்கப்பட்டு, உள்ளே பட்டப்பகலில் விளக்கில்லாமல் நடக்க முடியாத இருட்டு. ஏசி ஓடாமலேயே எங்கள் வீட்டைவிடப் பல டிகிரி குளிர்ச்சி. இந்த ஊரில் வெயிலைச் சமாளிப்பது என்பதில் பாதி, வீட்டை எந்த நேரத்தில் அடைப்பது, எந்த நேரத்தில் திறப்பது என்று தெரிந்துகொள்வதுதான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இந்தச் சூட்டின் காரணம் காற்றின் திசையில் இருக்கிறது. அடிலெய்டு கடலோர நகரம்தான் என்றாலும், அதன் வடக்கே இருப்பது கண்டத்தின் நடுவிலுள்ள பாலைநிலம். வடக்கிலிருந்து காற்று வீசும் நாள்களில் அந்தப் பாலையின் சூடு அப்படியே நகரத்தின் மேல் இறங்கும். மூன்று நான்கு நாள்கள் இப்படி ஏறிக்கொண்டே போய், தெற்குக் கடலிலிருந்து ஒரு குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) வந்து கடந்ததும் காற்று தென்மேற்காகத் திரும்பும். வெப்பநிலை குறுகிய நேரத்திலேயே பத்துப் பதினைந்து டிகிரி சரியும். இதை இங்கே ‘கூல் சேஞ்ச்’ என்பார்கள். ஊரில் ‘மழை வருமா’ என்று விசாரிப்பது போல, இங்கே கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும் ‘சேஞ்ச் எப்போது வருகிறது’ என்றுதான் விசாரித்துக்கொள்வார்கள். அது வந்த நிமிடத்தில் தெரு முழுவதும் சன்னல்களும் கதவுகளும் திறக்கும் சத்தம் கேட்கும்.

ஆகவே சராசரிக் கணக்கைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஜனவரியின் சராசரி உச்ச வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதைப் பார்த்தால் திருச்சிக்காரருக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் அந்தச் சராசரிக்குள் 24 டிகிரி நாளும் 43 டிகிரி நாளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. 2008 மார்ச்சில், அதாவது இங்கே இலையுதிர்காலம் தொடங்கிவிட்டதாகக் கணக்கிடப்படும் மாதத்தில், தொடர்ந்து 15 நாள்கள் 35 டிகிரியோ அதற்கு மேலோ அடித்திருக்கிறது. 2019 ஜனவரி 24 அன்று பதிவான 46.6 டிகிரி, ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரங்கள் எதிலும் அதுவரை பதிவாகாத உச்சம். 1939-இலிருந்து நின்றிருந்த 46.1 என்ற பழைய அடிலெய்டு அளவை அது கடந்தது. அன்று நான் அலுவலகத்திலிருந்து வாகன நிறுத்துமிடம் வரை நடந்த 200 மீட்டர் இன்னும் நினைவிருக்கிறது: வியர்வையே தெரியவில்லை, கண் மட்டும் எரிந்தது. வெப்பம் 45-ஐத் தாண்டினால் இலவச பியர் தருவதாக வடக்குப் புறநகர் மதுக்கடை ஒன்று அறிவித்திருந்ததையும், அன்று அவர்கள் தந்தே ஆக வேண்டியிருந்ததையும் மறுநாள் எல்லோரும் பேசிச் சிரித்தார்கள்.

வியர்வை தெரியவில்லை என்றேனே, அதுதான் நம் ஊரிலிருந்து வருபவர்களை முதலில் ஏமாற்றுகிறது. சென்னையிலோ திருச்சியிலோ சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்போது உடம்பு தண்ணீரை இழப்பது நமக்கே தெரியும். இங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை தோலுக்கு வந்தவுடன் ஆவியாகிவிடும். நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் தலைவலியும் வாந்தியுமாகப் படுப்போம். தாகத்துக்காகக் காத்திருக்காமல் குடியுங்கள். குழந்தைகளுக்கு மணிக்கொரு தரம் கொடுங்கள். நீர்மோர் இந்த ஊருக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது போல் பொருந்துகிறது.

வீடு பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு இவற்றை மாற்ற முடியாது. முதலாவது, நம் திசைக் கணக்கு இங்கே தலைகீழ். தென்கோளத்தில் சூரியன் நண்பகலில் வடக்கே நிற்கும். ஆகவே தெற்குப் பார்த்த அறைதான் குளிர்ச்சியானது, வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்காலத்தில் இதமான வெயில் வரும். (வாஸ்து பார்த்துத்தான் வாங்குவேன் என்று என் உறவினர் ஒருவர் தமிழ்நாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கே வீடு தேடிய கதை தனி.) மேற்குச் சுவர் மட்டும் எங்கும் மேற்குச் சுவர்தான், படுக்கையறைச் சன்னல் மேற்கே பார்த்து, அதற்கு வெளித்திரையோ ஷட்டரோ இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட சூட்டைத்தான் மறைக்கும். வெளியே இருக்கும் மறைப்புதான் தடுக்கும். இத்தாலியப் பாட்டி தன் வீட்டின் வடபுறத்தில் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். கோடையில் இலை அடர்ந்து நிழல் தரும், குளிர்காலத்தில் இலையுதிர்த்து வெயிலை உள்ளே விடும். இதைவிடப் புத்திசாலித்தனமான கருவியை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

இரண்டாவது, ‘ஏசி இருக்கிறது’ என்று விளம்பரத்தில் இருந்தால் எந்த வகை என்று கேளுங்கள். அடிலெய்டின் பல வீடுகளில் கூரை மேல் இருப்பது நம் ஊர் ஏர் கூலரின் பெரிய அண்ணன்: ஈரமான தட்டிகளின் வழியாக வெளிக்காற்றை இழுத்து, தண்ணீர் ஆவியாகும் குளிர்ச்சியை வீட்டுக்குள் தள்ளும். வறண்ட நாளில் இது குறைந்த செலவில் அருமையாக வேலை செய்யும்; ஆனால் அது ஓடும்போது மட்டும் சன்னல்களைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே புழுக்கம்தான். காற்றில் ஈரம் ஏறும் சில நாள்களில் அது வெறும் மின்விசிறிக்குச் சமம். காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாளில் புகையையும் உள்ளே இழுத்துவிடும் என்பதால் நிறுத்திவிடத்தான் வேண்டும். சாதாரண ஏசிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, மின்கட்டணம்தான் தொல்லை. இங்கே மின்சாரம் மலிவானதல்ல, அதிலும் மாலை நேர விலை அதிகம். அதனால்தான் இந்த மாநிலத்தில் மூன்றில் ஒரு வீட்டுக்கும் மேல் கூரையில் சூரியத் தகடுகளைப் பார்ப்பீர்கள். தகடு உள்ள வீடு கிடைத்தால், மதியம் வெயில் தரும் மின்சாரத்திலேயே வீட்டை நன்றாகக் குளிர்வித்துவிட்டு மாலையில் ஏசியைக் குறைப்பது என் வழக்கம்.

வெப்பத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாத இன்னொன்று புற ஊதாக் கதிர். 23 டிகிரியில் இதமாகத் தென்றல் வீசும் நவம்பர் நாளிலும் தோல் வெந்துவிடும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில்தான், அதாவது இங்கே நடுக்கோடையில். காற்றில் தூசும் குறைவு. புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது இங்குள்ள அறிவுரை. ஜனவரி நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவது சாதாரணம். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பினேன். நமக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை, இல்லவே இல்லை என்பது உண்மையல்ல. பள்ளிகளில் தொப்பி இல்லாத குழந்தையை வெயிலில் விளையாட விடமாட்டார்கள். 1981-இல் தொடங்கிய ‘ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்’ விளம்பரம் — சட்டையை மாட்டு, சன்ஸ்கிரீனைப் பூசு, தொப்பியைப் போடு — இன்றும் குழந்தைகளின் வாயில் இருக்கிறது. என் மகள் அதைக் கற்றுக்கொண்டு வந்து என்னை மிரட்டிய பிறகுதான் நானும் பூச ஆரம்பித்தேன்.

தீயைப் பற்றி மட்டும் விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். 1983 பிப்ரவரி 16 அன்று தென் ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் மூண்ட தீயில் 75 பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 20 அன்று அடிலெய்டு மலைப்பகுதியின் கட்லி கிரீக்கில் தொடங்கிய தீ 80-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. மலைப்பகுதி வீடுகள் அழகானவை. ஆனால் முதல் ஆண்டிலேயே அங்கே குடியேறாதீர்கள் என்பேன். கன்ட்ரி ஃபயர் சர்வீஸ் என்ற தீயணைப்புப் படை அறிவிக்கும் அபாய அளவு, உச்சமான ‘கெட்டஸ்ட்ரோஃபிக்’ (பேரழிவு) என்று வந்தால், அங்கிருப்பவர்கள் தீ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். சமவெளியில் இருக்கும் நமக்கு அது பெரும்பாலும் முழுத் தீத்தடையாகத்தான் தெரியவரும். ஓர் ஆண்டு பொங்கலன்று அப்படியொரு தடை. கொல்லையில் செங்கல் அடுப்பும் விறகும் தயாராக இருந்தன, வாசலில் கோலம் போட்டாயிற்று. அன்று திறந்த வெளியில் விறகு பற்றவைப்பது சட்டப்படி குற்றம் என்பதால், பானையைச் சமையலறை மின்னடுப்புக்கு மாற்றி, 41 டிகிரியில் சன்னலை அடைத்துக்கொண்டு, சூரியன் இருக்கும் திசையை ஊகித்துப் ‘பொங்கலோ பொங்கல்’ என்றோம்.

அன்றாட வாழ்க்கை வெயிலைச் சுற்றித் தானாகவே மறுசீரமைந்துவிடும். கட்டட வேலை செய்பவர்கள் விடியலிலேயே தொடங்கி, சூடு ஏறியதும் கருவிகளை மூட்டை கட்டிவிடுவார்கள். நாங்கள் கடைக்குப் போவதை எட்டு மணிக்கு முன்பே முடித்துவிடுவோம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால், ஜனவரியில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும்; குழந்தைகளைத் தூங்கவைப்பது பெரும்பாடு, ஆனால் ஆறு மணிக்கு மேல் கிளெனெல்க் அல்லது ஹென்லி கடற்கரைக்குப் போக நிறைய நேரம் இருக்கும். வளைகுடாவுக்குள் இருப்பதால் அங்கே அலை சாதுவானது. சாது என்று நம்பித் தெற்கே வெயிட்பிங்கா போன்ற திறந்த கடற்கரைகளில் இறங்கிவிடாதீர்கள். அங்கே இழுப்பு நீரோட்டம் கொடியது. எங்கே போனாலும் உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள், வந்த முதல் மாதத்திலேயே குழந்தைகளை நீச்சல் வகுப்பில் சேருங்கள்.

இந்த வெயிலைக் கொண்டாடியவரும் ஒருவர் எங்கள் வீட்டில் உண்டு. அம்மா மூன்று மாதம் தங்க வந்திருந்தபோது, கொல்லையில் நின்ற சுழல் துணிக்கொடியின் நிழல் படாத இடமாகப் பார்த்துக் கூழ் வடாம் பிழிந்தார். (குடை போல விரியும் அந்தத் துணிக்கொடி இந்த நகரத்தின் பெருமை, லான்ஸ் ஹில் என்பவர் 1945-இல் தன் வீட்டுக் கொல்லையில் செய்யத் தொடங்கியது.) வேலூரில் மூன்று நாள் காயும் வடாம் இங்கே அன்று மாலையே கலகலவென்று உதிர்ந்தது. அடுத்த வாரம் மோர் மிளகாய், அதற்கடுத்து கொத்தவரை வற்றல். அவருக்கிருந்த கவலையெல்லாம் தோசை மாவுதான்: நான்கைந்து மணி நேரத்திலேயே பொங்கி வழிந்து புளித்துவிடும். மதிய நேரத்தில் அவர் வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பயமாக இருந்ததால், வெப்ப அலை நாள்களில் நண்பகலில் ஒரு முறை தொலைபேசியில் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். தனியாக வாழும் முதியவர்கள் பதிவு செய்துகொண்டால், செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலர்களே இப்படி அழைத்து நலம் விசாரிக்கும் ஏற்பாடு இந்த மாநிலத்தில் உண்டு. இத்தாலியப் பாட்டியும் அதில் பதிவு செய்திருந்தார்.

நீங்கள் ஜனவரியில் வந்து இறங்குவதால், பெட்டியில் இடமில்லை என்று கம்பளியையும் கனத்த போர்வையையும் விட்டுவிடத் தோன்றும். விட்டுவிடாதீர்கள். சூட்டை உள்ளே விடும் அதே மெல்லிய கூரையும் இடுக்குள்ள சன்னல்களும் ஜூலையில் குளிரையும் உள்ளே விடும். எங்கள் முதல் வாடகை வீட்டில் ஜூலை மாத விடியலில் சமையலறையின் வெப்பநிலை ஒன்பது டிகிரி. ஜனவரியில் பொங்கி வழிந்த அதே மாவு, இரண்டு நாள் ஆகியும் அசையாமல் கிடந்தது.