ஒரு கிட்டார், ஒரு குரல்: எலிசபெத் காட்டனின் ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: டிரம்ஸ் இல்லை, பேண்ட் இல்லை. ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டுமே இருக்கும் பழைய அக்கூஸ்டிக் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை), ஃபோக் (நாட்டுப்புற இசை) ஆல்பங்களை ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்? ஏதாவது ஒரு ஆல்பத்தை வைத்து விளக்க முடியுமா?

முடியும். நான் எடுத்துக்கொள்வது எலிசபெத் காட்டனின் முதல் ஆல்பம். 1958இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 'ஃபோக்சாங்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டல்ஸ் வித் கிட்டார்' என்ற பெயரில் வெளியிட்டது. பிற்பாடு 'ஃப்ரெய்ட் ட்ரெயின் அண்ட் அதர் நார்த் கரோலினா ஃபோக் சாங்ஸ் அண்ட் ட்யூன்ஸ்' என்று பெயர் மாறி மறுபடி வந்தது. இணையத்தில் இந்த இரண்டாம் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

இந்த ஆல்பத்தைப் பரிந்துரைப்பவர்கள் பலர் "ரொம்ப எளிமையான இசை, மனசுக்கு இதமா இருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இதம் என்பது உண்மை. எளிமை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கைகளில் நடப்பது அத்தனை சிக்கலான வேலை. அதில் துளிகூடக் கேட்பவர்மேல் சுமையாக விழாது. என்னை இந்த ஆல்பத்தில் கட்டிப்போட்டது அதுதான்.

காட்டன் இடதுகைக்காரர். அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் கார்பரோ என்ற சிற்றூரில் 1890களில் பிறந்தவர். அண்ணனின் பாஞ்சோவை (கிட்டார் போன்ற தந்தி வாத்தியம்) யாரும் பார்க்காதபோது எடுத்து வாசித்துப் பழகினார். சிறுமியாக இருக்கும்போதே வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். அது வலதுகைக்காரர்களுக்கான கிட்டார். இடதுகைக்காரர்கள் பலர் தந்திகளைக் கழற்றி வரிசையை மாற்றிப் பூட்டிக்கொள்வார்கள். இவர் மாற்றவில்லை, கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

அதனால் எல்லாமே தலைகீழ். தடித்த பேஸ் (கீழ்ஸ்வர) தந்திகள் தரைப்பக்கம் போய்விட்டன, மெல்லிய தந்திகள் முகத்துப் பக்கம் வந்துவிட்டன. மற்றவர்கள் கட்டைவிரலால் பேஸும் மற்ற விரல்களால் மெட்டும் வாசிப்பார்கள். இவர் விரல்களால் பேஸை மேல்நோக்கி இழுத்து, கட்டைவிரலால் மெட்டை வாசிக்கிறார். கார்டுகளையும் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் அமைப்புகள்) இவரேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது; எந்தப் புத்தகத்தின் படமும் இவர் கைக்குப் பொருந்தாது. கிட்டார் கற்றவர்கள் இந்த முறையை இவர் பெயரால் 'காட்டன் பிக்கிங்' என்று அழைக்கிறார்கள்.

இதைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால் என்ன வித்தியாசம் தெரியும்? மெட்டுக்கு ஒரு கனம் இருக்கும். கட்டைவிரலின் சதை மெல்லிய தந்தியில் படுவதால் அந்த ஸ்வரங்கள் உருண்டையாக, கூர் இல்லாமல் வருகின்றன. பேஸ் அடியில் விடாமல் நடந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அதட்டுவதில்லை. ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் பேஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை மெட்டை மட்டும். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றே தோன்றும். பாட்டு, இடையிசை, தாளம் என்று தனித்தனிக் குழு உழைக்கும் திரைப்பாட்டைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அந்த மூன்றையும் ஒரே ஆள் பத்து விரலில் முடித்துவிடுவதைப் புரிந்துகொண்டபோது ஏற்பட்ட மலைப்பு இன்னும் போகவில்லை.

அப்புறம், பதிவு நடந்த இடம். இது ஸ்டுடியோவில் எடுத்தது இல்லை. வாஷிங்டனில் காட்டனின் வீட்டுப் படுக்கையறையில், பேரப்பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மைக் சீகர் என்ற இளைஞர் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார். அவர் காட்டனைக் கண்டுபிடித்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். காட்டன் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியை அவள் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தச் சிறுமி பெக்கி சீகர், மைக்கின் தங்கை. அம்மா ரூத் க்ராஃபர்ட் சீகர், புகழ்பெற்ற இசையமைப்பாளர். அந்த வீட்டிலேயே காட்டனுக்கு வேலை கிடைத்தது. கல்யாணம், குழந்தை, "உலகப் பாட்டெல்லாம் வேண்டாம்" என்ற தேவாலயத்தாரின் அறிவுரை என்று பல பத்தாண்டுகள் ஏறக்குறையக் கிட்டாரையே தொடாமல் இருந்தவர், சீகர் வீட்டுச் சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்துத்தான் மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.

அழகான கதைதான். ஆனால் கதையை முதலில் தெரிந்துகொண்டு கேட்பவர்கள் இசையைப் பரிவோடு கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். "பாவம், இந்த வயதில் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்" என்கிற மாதிரி. அந்தச் சலுகை அவருக்குத் தேவையே இல்லை. முதல் உருப்படியான 'வில்சன் ராக்' (Wilson Rag) ஒன்று போதும், வாசிப்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பத்துப் பன்னிரண்டு வயதில், வீட்டருகே ஓடிய ரயிலைக் கேட்டு அவர் கட்டிய பாட்டு. மெட்டு துள்ளலாகப் போகும், வரிகளோ சாவைப் பற்றியவை: செத்த பிறகு ரயில் சத்தம் கேட்கும் இடத்தில் என்னைப் புதையுங்கள் என்று ஒரு சிறுமி கேட்கிறாள். பெக்கி சீகர் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பாடினார். அங்கே வேறு இருவர் தங்கள் பெயரில் உரிமை பதிந்துகொள்ள, 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடி அது பெரிய ஹிட் ஆனது. எழுதியவரோ வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பம் துணை நின்று பிறகு அவர் பெயர் சேர்ந்தது. அந்த ஹிட் வடிவத்தையும் இந்த ஆல்பத்தில் உள்ளதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஹிட்டில் ரயில் அவசரமாக ஓடுகிறது. காட்டன் வாசிக்கும்போது அவசரமே இல்லை, ஆனாலும் நிற்காது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 'வாஸ்டபோல்'. குரலே இல்லாத, கிட்டார் மட்டும் வாசிக்கும் உருப்படி. இதன் மூலம் எங்கே இருக்கிறது தெரியுமா? கிரிமியப் போரில் நடந்த செவஸ்டபோல் முற்றுகையைச் சித்திரிக்க ஹென்றி வொரால் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய கிட்டார் துண்டு. வசதியான அமெரிக்க வீடுகளின் வரவேற்பறையில் வாசிக்கப்பட்டது. அது கைமாறிக் கைமாறித் தென்மாநிலக் கறுப்பினக் கலைஞர்களிடம் வந்து, பெயர் தேய்ந்து, போர் மறைந்து, வேறு இசையாகவே ஆகிவிட்டது. விரல் எதுவும் வைக்காமல் மீட்டினாலே ஒரு மேஜர் கார்டு ஒலிக்கும்படி தந்திகளைச் சுருதி கூட்டும் அந்த முறைக்கே ப்ளூஸ்காரர்கள் 'வெஸ்டபோல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆல்பத்தில் வரும் 'ஸ்பானிஷ் ஃப்ளாங் டாங்' கதையும் இதே மாதிரிதான், அதன் வேர் 'ஸ்பானிஷ் ஃபண்டாங்கோ'. ப்ளூஸ் என்றால் பருத்தி வயலில் இருந்து நேராக வந்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் கேட்க வேண்டும்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவின்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரல் மெலிந்தது, சில இடங்களில் சுருதி லேசாக அசையும். பயிற்சி பெற்ற குரலை எதிர்பார்ப்பவர்களுக்கு முதலில் இடறலாம். 'ஓ பேப் இட் எய்ன்ட் நோ லை' பாட்டில்தான் அந்தக் குரல் ஏன் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி தன்னைப் பற்றி அம்மாவிடம் பொய் சொல்லி அடிவாங்க வைத்ததை மனதில் வைத்துச் சிறுவயதில் எழுதியது. அரை நூற்றாண்டு கழித்துப் பாடும்போதும் அந்த ஆற்றாமை அப்படியே இருக்கிறது, கத்தல் இல்லாமல். க்ரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு இதைத் தங்கள் 1981 அக்கூஸ்டிக் ஆல்பத்தில் பாடியிருக்கிறார்கள். நன்றாகவே இருக்கும். எனக்கு மூலம்தான்.

தேவாலயப் பாடல்கள் வரும் பகுதி மற்றவற்றின் அளவுக்கு என்னை இழுக்கவில்லை. முதல் முறை அதைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை.

இந்த ஆல்பம் பிடித்துப்போனால், 1967இல் வந்த 'ஷேக் ஷுகரீ' கேளுங்கள். அதன் தலைப்புப் பாட்டைப் பாடுவது அவருடைய கொள்ளுப்பேத்தி. அதற்குப் பிறகு ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 1966 ஆல்பமான 'டுடே!'. அவர் வலதுகைக்காரர், பேஸ் முழுவதும் கட்டைவிரலில். காட்டனைக் கேட்ட காதோடு அங்கே போனால், எந்த விரல் எந்த வேலையைச் செய்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்ல முடியும்.