தோப்பு, பணியாரம், எலியா: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வேதாகமத் தீர்க்கதரிசி எலியாவைப் பற்றியவை. வசன எண் போட்டுக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

கர்மேல் மலையில் எலியா 850 பொய்த் தீர்க்கதரிசிகளை வெட்டினார் என்று பிரசங்கத்தில் கேட்டேன். சரிதானே?

சரியில்லை. 1 இராஜாக்கள் 18-ல் எலியா வரவழைக்கச் சொன்னது பாகால் என்ற தெய்வத்துக்கு 450 பேர், அசேரா என்ற பெண் தெய்வத்துக்கு 400 பேர். எபிரெய மூலத்தில் அந்த 400 பேர் 19-ம் வசனத்தோடு காணாமல் போகிறார்கள். பலிபீடத்தைச் சுற்றிக் குதித்தவர்களும் பாகால் ஆட்கள், கீசோன் ஆற்றில் செத்தவர்களும் அவர்கள்தான். கூட்டல் தெரியும் என்பதற்காக எதையும் கூட்டிவிடக் கூடாது.

பாகால் என்பது ஒரு பிசாசின் பெயரா?

இல்லை. எஜமான், உடையவன், கணவன் என்று பொருள்படும் சாதாரணச் சொல். கானானியருக்கு அவன் இடிக்கும் மழைக்கும் தெய்வம். 1929-ல் சிரியக் கடற்கரையில், ராஸ் ஷம்ராவில் கிடைத்த களிமண் பலகைகளில் அவன் கடலோடும் சாவோடும் மல்லுக்கு நிற்கும் கதை இருக்கிறது. மழைக்கடவுளை எதிர்க்க வந்த எலியா எடுத்தவுடன் மழையை நிறுத்தியது ஏன் என்று இப்போது புரியும். ஆனால் அந்த ஊர் கிமு 1200 வாக்கில் எரிந்துபோனது, எலியா கிமு 850 வாக்கில் வாழ்ந்தவர். அந்தப் பலகையை அப்படியே எலியா காலத்து ராஜா ஆகாபின் சமாரியாமேல் ஒட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று: இஸ்ரவேல் ராஜா சவுலின் மகனுக்கே எஸ்பால் என்றுதான் பெயர் (1 நாளாகமம் 8:33). சாமுவேல் புத்தகத்தில் அவன் இஸ்போசேத். போசேத் என்றால் வெட்கம்; பெயரில் பாகால் இருந்த இடத்தில் பின்னால் வந்தவர்கள் அதை வைத்துவிட்டார்கள் என்று பலர் கருதுகிறார்கள்.

கர்மேலில் பதில் தராத பாகாலை "அலுவலாயிருப்பான்" என்று எலியா சொன்னதில் என்ன கேலி?

மொழிபெயர்த்தவர்கள் மரியாதைக்காரர்கள். மூலத்தில் "ஒதுங்கப் போயிருப்பான்" என்கிற சாடை இருப்பதாகவே பல அறிஞர்கள் வாசிக்கிறார்கள்.

"தோப்பு விக்கிரகம்" என்றால் தோப்புக்குள் வைத்த சிலையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தோப்பும் இல்லை, தோட்டமும் இல்லை. மூலத்தில் இருப்பது அசேரா. ஒரு பெண் தெய்வத்தின் பெயர் அது. அவளுக்காகப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நட்ட மரக்கம்பத்துக்கும் அதே பெயர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் பல இடங்களில் இதை "புனிதச் சோலை" என்று எழுதினார்கள். லத்தீன் அதைப் பிடித்துக்கொண்டது, 1611-ன் ஆங்கிலமும் பிடித்துக்கொண்டது. அந்த வரிசையில்தான் நம் பழைய தமிழ் வேதாகமமும் நிற்கிறது.

விளைவைப் பாருங்கள். நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோன் பத்து ஆட்களோடு ஒரே இராத்திரியில் ஒரு தோப்பை வெட்டி, அந்த விறகில் ஒரு காளையைத் தகனிக்கிறான்! கம்பம் என்று வாசியுங்கள், கணக்கு சரியாகிவிடும். யூதாவின் ராஜா யோசியா கிமு 622 வாக்கில் கர்த்தருடைய ஆலயத்துக்குள்ளிருந்தே அதை வெளியே எடுத்து, கீதரோன் பள்ளத்தாக்கில் சுட்டெரித்துத் தூளாக்குகிறான் (2 இராஜாக்கள் 23). அடுத்த வசனத்தில், அங்கேயே பெண்கள் உட்கார்ந்து அசேராவுக்குத் துணி நெய்திருக்கிறார்கள். எங்கே? எருசலேம் ஆலய வளாகத்தில். "தோப்பு" என்ற சொல் இதையெல்லாம் ஊருக்கு வெளியே, யாரோ புறஜாதியாரின் காட்டுக்குத் தள்ளிவிடுகிறது. என் கோபம் அதில்தான்.

சீனாயின் வடகிழக்கில் குந்தில்லத் அஜ்ருத் என்ற பாலைவனத் தங்குமிடத்தை 1975-76-ல் தோண்டினார்கள். கிமு 800 வாக்கில் ஒரு பெரிய மண்ஜாடிமேல் எவனோ மையால் எழுதிவைத்த வாழ்த்து கிடைத்தது: "சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும் உன்னை ஆசீர்வதிக்கிறேன்." இங்கே அசேரா தேவியா, கம்பமா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. எதுவானாலும், எழுதியவன் அந்நியன் அல்ல, யாவேயை, அதாவது கர்த்தரை, கும்பிட்டவன். நம் கையில் இருப்பது வாதியின் மனு மட்டும், அதாவது அசேராவைக் கண்டித்தவர்கள் எழுதியது மட்டும், என்று முன்பே எழுதியிருக்கிறேன். பிரதிவாதி தரப்பில் தப்பித்த ஒன்றிரண்டு துண்டுகளில் இது ஒன்று.

புதிய மொழிபெயர்ப்புகள் "அசேரா" என்றே போடுகின்றன. பக்கத்தில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆமோஸ் பாகாலைக் கண்டித்த வசனம் எது?

அப்படி ஒன்று இல்லை. அவர் புத்தகத்தில் பாகால் பெயரே வராது. பெத்தேலில் அவர் மோதியது கர்த்தரின் பெயரால் பலியிட்டுக்கொண்டே ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றவர்களோடு. பாகாலைக் கண்டித்த ஓசியாவோடு குழப்பிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எரேமியா இவ்வளவு எச்சரித்தும் ஜனங்கள் திருந்தவில்லையா?

44-ம் அதிகாரம் வாசியுங்கள். எருசலேம் விழுந்து, மிச்சமிருந்தவர்கள் எகிப்துக்கு ஓடிய பிறகு நடப்பது. வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குத் தூபம் காட்டியதால்தான் இந்தக் கதி என்கிறார் எரேமியா. ஜனங்கள் கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள்: தூபம் காட்டியபோது வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்திய நாள் முதல் பட்டினியும் பட்டயமும்தான். அவரைப் பகைத்தவர்கள் சொன்ன பதிலை அவருடைய புத்தகமே இவ்வளவு விரிவாகக் காப்பாற்றி வைத்திருப்பது அபூர்வம். கடைசியில் பெண்கள் கேட்கிறார்கள்: எங்கள் புருஷருக்குத் தெரியாமலா அவளுக்குப் பணியாரம் சுட்டோம்? 7-ம் அதிகாரத்தில் எரேமியாவே சொன்னதுதான் அது. பிள்ளைகள் விறகு பொறுக்க, அப்பா அடுப்பு மூட்ட, அம்மா மாவு பிசைந்தாள்.