டெடிகேஷன்: கேள்வி பதில்

கேள்வி: டெடிகேஷன் என்றால் கடின உழைப்புதானே? ரெஸ்யூமில் இரண்டில் எதை வேண்டுமானாலும் போடலாமா?

பதில்: இரண்டும் ஒன்றில்லை. பிடிக்காத வேலையைக்கூட ஒருவர் சம்பளத்துக்காகக் கடினமாகச் செய்யலாம், அது 'ஹார்ட் வொர்க்'. டெடிகேஷன் என்றதுமே 'எதற்கு?' என்ற கேள்வி கூடவே வரும். அதைச் சொல்லாமல் வெறுமனே 'டெடிகேஷன் உள்ளவன்' என்று எழுதினால் படிப்பவர் மனதில் ஒன்றும் நிற்காது.

கேள்வி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது அண்ணா?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. மூலம் லத்தீன் 'டெடிகாரே'. அதற்குள் இருக்கும் 'டிகாரே'வுக்கு அறிவிப்பது, தெய்வத்துக்கு உரியது என்று சொல்லி ஒதுக்குவது என்று பொருள். சொல்லுதலைக் குறிக்கும் 'டிகெரே' அதற்கு உறவு, டிக்ஷனரியும் டிக்டேஷனும் அந்தக் குடும்பம்தான். பதவி துறப்பதைச் சொல்லும் 'அப்டிகேட்' இருக்கிறதே, அதிலும் இதே 'டிகாரே'தான், 'இனி இது என்னுடையதில்லை' என்று அறிவிப்பது. ஆக, டெடிகேஷன் முதலில் மனசுக்குள் இருக்கும் குணமே இல்லை, 'இனி இது உனக்கு' என்று நாலு பேர் அறியச் சொல்லும் செயல். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் வழிபாட்டு இடத்தை இறைவனுக்கு உரியதாக்கும் சடங்கைத்தான் குறித்தது. நூலைச் சமர்ப்பிப்பது, தன்னையே ஒரு பணிக்குக் கொடுப்பது எல்லாம் அப்புறம் சேர்ந்தவை.

இடத்தை உரியதாக்குவது, தன்னையே கொடுப்பது என்ற இரண்டு பொருளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அதிபர் லிங்கன் பேசியதைப் படியுங்கள். மொத்தமே சுமார் 270 சொற்கள், அதில் 'டெடிகேட்' ஆறு முறை வருகிறது. அங்கே இறந்த வீரர்களின் கல்லறை நிலத்தை அர்ப்பணிக்க வந்தவர், இந்த நிலத்தை நம்மால் அர்ப்பணிக்க முடியாது, இங்கே போராடியவர்கள் அதை முன்பே செய்துவிட்டார்கள், உயிரோடிருக்கும் நாம்தான் மிச்சமிருக்கும் வேலைக்கு நம்மை அர்ப்பணிக்க வேண்டும் என்று திருப்புகிறார். நிலத்தில் தொடங்கிய சொல் மனிதரிடம் வந்து சேர்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: 'டெடிகேட்டட் டு டீச்' சரியா?

பதில்: தவறு. 'டெடிகேட்டட் டு டீச்சிங்' என்று வர வேண்டும். இங்கே 'டு'வுக்குப் பின் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோதான் வரும்.

கேள்வி: டிவோஷன், கமிட்மென்ட் எல்லாம் இதேதானா?

பதில்: பக்கத்துச் சொற்கள். டிவோஷனின் வேரில் சபதம் இருக்கிறது, அன்பும் பக்தியும் அதில் தூக்கலாக இருக்கும். கமிட்மென்ட் என்பது கொடுத்த வாக்கு, பிடிக்காமல் போனாலும் காப்பாற்றியே ஆக வேண்டும். டெடிகேஷனில் நேரத்தையும் உழைப்பையும் விரும்பிக் கொடுப்பது தெரியும்.

கேள்வி: கம்ப்யூட்டர் துறையில் 'டெடிகேட்டட் சர்வர்' என்கிறார்களே, அந்த இயந்திரத்துக்கு என்ன அர்ப்பணிப்பு?

பதில்: அதே பழைய பொருள்தான்! ஒருவருக்கென்றே ஒதுக்கியது, வேறு யாரும் பங்கு போட முடியாது.

கேள்வி: தமிழில் எப்படிச் சொல்வது?

பதில்: நூலின் முதல் பக்கத்தில் சமர்ப்பணம் அல்லது காணிக்கை, மனிதரின் குணத்துக்கு அர்ப்பணிப்பு, சர்வருக்குத் 'தனிப்பட்ட' என்பதைவிடத் 'தனக்கென ஒதுக்கிய' என்றால் தெளிவு. ஈடுபாடு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது ஆர்வத்தோடு நின்றுவிடும்.