வானம் கேள்வி–பதில்: பால்வீதியின் குட்டித் துணைகள்

கேள்வி: பெரிய கேலக்ஸிகளைச் சுற்றிக் குட்டிக் கேலக்ஸிகள் இருக்கின்றனவாமே, அவை பெரியதிலிருந்து பிய்ந்து வந்தவையா? (அம்பாசமுத்திரம் வாசகி)

பெரும்பாலும் இல்லை. தனியே பிறந்து, பிறகு வந்து மாட்டிக்கொண்டவை. கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) முதலில் சின்னச் சின்னத் திரட்டுகளாகத்தான் கூடியது. அதில் வாயு விழுந்து நட்சத்திரங்கள் உண்டாயின. அருகில் பெரிய திரட்டு இருந்தால் அது இழுத்துக்கொண்டது. 1994-ல் கண்டுபிடித்த தனுசு குள்ளத் திரளை (குட்டிக் கேலக்ஸியைத்தான் குள்ளத் திரள் என்கிறோம்) நம் கேலக்ஸியான பால்வீதி இன்றைக்கும் பிய்த்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கேட்ட வகையும் உண்டு. இரண்டு பெரிய கேலக்ஸிகள் மோதும்போது வீசியெறியப்படும் வாயு வாலில் குள்ளத் திரள்கள் உருவாகும். அவற்றில் கரும்பொருள் அநேகமாக இருக்காது. பால்வீதியின் குள்ளத் திரள்களிலோ, நட்சத்திரங்கள் ஓடும் வேகத்துக்குக் கண்ணில் படும் எடை போதவே போதாது. மீதி எடை கரும்பொருளாக இருக்க வேண்டும். ஆகவே அவற்றை முதல் வகையில் சேர்க்கிறார்கள்.

கேள்வி: இந்தத் துணைகள் எல்லாப் பக்கமும் சிதறாமல், தட்டுபோல ஒரே தளத்தில் நிற்பது ஏன்? (களக்காடு ஆசிரியர்)

பால்வீதித் துணைகள் சில ஒரே வளையத்தில் வரிசையாக இருப்பதை 1976-ல் டொனால்ட் லிண்டன்-பெல் எடுத்துக்காட்டினார். 2013-ல் நம் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவில் 27 துணைகளில் 15 மெல்லிய தளம் ஒன்றில் இருப்பதும், அவற்றில் 13 ஒரே பக்கமாகச் சுற்றுவதுபோலத் தெரிவதும் வெளியானது. 2018-ல் சென்டாரஸ் ஏ கேலக்ஸியில் 16 துணைகளில் 14 அப்படியே ஒரே பக்கமாகச் சுற்றுவதுபோலத் தெரிந்தது. துணைகள் கரும்பொருள் இழைகள் வழியாக வருவதால் ஓரளவு தட்டையாக இருப்பது இயல்புதான். இவ்வளவு மெல்லியதாகக் கணினி மாதிரிகளில் அபூர்வமாகவே வரும், தகராறு அங்கேதான்.

படம் பார்த்து முடிவு கட்டும்முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, மறைப்பு: பால்வீதித் தட்டின் தூசிக்குப் பின்னாலுள்ள துணைகள் நமக்குத் தெரியாது. தட்டுக்கு மேலும் கீழும் உள்ளவையே கணக்கில் ஏறும். இரண்டு, வேகம். வண்ணார்பேட்டை ரவுண்டானாவை மேலிருந்து ஒரு நொடி போட்டோ எடுத்தால் நாலு பஸ் ஒரே வரிசையில் தெரியும். போகிற ஊர் வேறு வேறு. தளம் நிலையானதா என்று தெரிய, வானத்தில் குறுக்காக நகரும் வேகமும் வேண்டும். எட்டு லட்சம் ஒளியாண்டு தூரத்தில் நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால், ஆண்டுக்கு ஒரு மில்லி ஆர்க்செகண்டில் (ஒரு டிகிரியை 36 லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்குகூட நகராது. கையா என்ற விண்வெளித் தொலைநோக்கி வந்தபின்தான் இது தெளிவாகக் கிடைத்தது. அந்த வேகங்களை வைத்து 2022-ல் வந்த ஓர் ஆய்வு, பால்வீதியின் 11 பெரிய துணைகளின் தளம் தற்காலிகமானது என்றது. தொலைவில் நிற்கும் லியோ 1, லியோ 2 என்ற இரண்டு துணைகளும்தான் அதைத் தட்டையாகக் காட்டுவதில் பெரும் பங்கு. இது எல்லோரும் ஏற்ற முடிவல்ல. ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தூரம். அங்கே பெரும்பாலான துணைகளுக்கு நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம் மட்டுமே தெரியும். ஆகவே அந்தப் ‘பதின்மூன்றை’ இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நம் ஊரிலிருந்து ஒன்றையாவது கண்ணால் பார்க்க முடியுமா? (வள்ளியூர் மாணவி)

முடியும். பெரிய மெகல்லன் மேகம், 1,60,000 ஒளியாண்டு தூரம். பெயர்தான் மேகம், அது பால்வீதியின் துணைக் கேலக்ஸி. தை அமாவாசையை ஒட்டி, இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் உவரி மாதிரி தெற்கே கடல் திறந்த கரைக்குப் போங்கள். பெரியவர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தெற்கே பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். அதற்குக் கீழே, சற்று வலப்பக்கம், அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்துக்குச் சற்று மேலே மங்கலான வெண்திட்டாகத் தெரியும். அரை மணி நேரம் செல்போனைத் தொடாதீர்கள். நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். 7×50 பைனாகுலர் நல்லது. பெரும்பாலும் கெடுப்பது கடலோர ஈரப்புகைதான். காற்றாலைச் சிவப்பு விளக்குகளும், கரையோர ஊர்களின் வெளிச்சமும் அடுத்தவை. சிறிய மெகல்லன் மேகம் என்ற இன்னொரு துணை இன்னும் தாழ்வு. அது வசதியாக வரும் கார்த்திகையில் நம் பக்கம் மழை மேகம். வானம் தெளிந்தால் அதிர்ஷ்டம்.