தேயிலை மண்ணில் பீட்ரூட் விளையுமா? – வாசகர் கேள்வி பதில்

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தோட்டங்களிலும் ஊர்களிலும் நடைபெறும் சேதன (இரசாயனப் பசளை போடாத) வீட்டுத்தோட்டப் பயிற்சிகளையும் சமையற் பயிற்சிகளையும் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் டிவிசனில் சென்ற ஆண்டு சேதன வீட்டுத்தோட்டப் பயிற்சி ஒன்று நடந்தது. விதைப் பைக்கற்றுகளும் சான்றிதழும் தந்தார்கள். சொன்னபடியே பாத்தி கட்டி, மாட்டெரு போட்டு விதைத்தேன். வெண்டியும் பயிற்றையும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. பீட்ரூட் சுண்டுவிரல் பருமனோடு நின்றுவிட்டது. எனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள் வீட்டில். இப்போது மறுபடியும் பயிற்சி வைக்கிறார்களாம். போவதா, விடுவதா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: கட்டாயம் போங்கள் சகோதரி. உங்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய இரண்டு விடயங்களை அந்தப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலாவது, விதை. வெண்டியும் பயிற்றையும் வெயிலை நம்பி வளரும் பயிர்கள். உங்கள் ஊரின் குளிர்ந்த இரவுகளில் அவை முளைத்தாலும் வளராமல் நின்றுவிடும். சமவெளிக்கென்று கட்டிய விதைப் பைக்கற்றை அப்படியே மலைக்கு ஏற்றி வருவது பல பயிற்சிகளில் நடக்கிறது. போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட், முள்ளங்கி, நோக்கோல் ஆகியவற்றின் விதைகளைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவதும் பெரியதும் மண். தேயிலை புளிப்பான மண்ணை விரும்பும் செடி, புளிப்பை அளக்கும் பி.எச். பெறுமானம் (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது நன்றாக வளரும். மரக்கறிகளில் பெரும்பாலானவைக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். மலையில் பெய்யும் கடும் மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அதன்மேல் பல ஆண்டுகளாகத் தேயிலைக்கு இட்ட நைதரசன் பசளையும் சேர்ந்து புளிப்பைக் கூட்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்களின் நுனியைக் கருக்குகிறது, பொசுபரசு செடிக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு போகிறது. தேயிலைச் செடி அந்த அலுமினியத்தைத் தன் இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு தாங்கிவிடும். பீட்ரூட்டால் அது முடியாது. நீங்கள் எவ்வளவு மாட்டெரு போட்டிருந்தாலும் வேர் நீளவில்லையென்றால் அதை எடுத்துக்கொள்ள வழியில்லை.

இதற்குச் செய்ய வேண்டியது கடினமில்லை. பாத்தியின் ஐந்தாறு இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவில் ஒரு பையில் போட்டு, பயிற்சிக்கு வரும் விவசாயப் போதனாசிரியரிடம் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண் புளிப்பென்று தெரிந்தால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 200 கிராம் டொலமைற்றை (சுண்ணாம்புக்கல் போன்ற ஒரு கல்லின் தூள்) தூவி, மண் கிளறும் முள்ளால் குத்திக் கிளறிவிட்டு, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு விதையுங்கள். அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், அதில் பொற்றாசியமும் உண்டு. ஆனால் பிளாஸ்ரிக்கும் வர்ணம் பூசிய பலகையும் எரித்த சாம்பல் பாத்திக்கு ஆகாது. உருளைக்கிழங்குக்கு மட்டும் டொலமைற்றைத் தாராளமாகப் போடாதீர்கள். அது ஓரளவு புளிப்பைத் தாங்கும்; புளிப்பு குறைந்தால் கிழங்கின் தோலில் சொறி விழும்.

இன்னொன்று. பயிற்சிகளில் கோவா நாற்றுகளை இலவசமாகக் கொடுப்பார்கள். நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அந்த நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், புளிப்பான மண்ணில் இன்னும் வேகமாகப் பரவும், மம்பட்டியிலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணோடு அடுத்த பாத்திக்கும் போகும். ஒரு நல்ல நோக்கத்தோடு கொடுத்த நாற்றினால் ஒரு லயத்தின், அதாவது ஒரு வரிசை வீடுகளின், பாத்திகள் எல்லாம் கெட்டுப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வெலிமடைப் பக்கத்தில் ஒரு ஏக்கரில் உருளைக்கிழங்கும் அதன்பின் போஞ்சியும் செய்கிறேன். ‘சேதனம்’ என்ற சொல்லைக் கேட்டாலே 2021 நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது. இப்போது எங்கள் ஊரில் சேதன விவசாயப் பயிற்சிக்கு அழைக்கிறார்கள். இதில் உண்மையில் ஏதாவது இருக்கிறதா?
– ஒரு விவசாயி, வெலிமடை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 2021 ஏப்ரலில் ஆட்சியாளர்கள் அறிவித்து, மே மாதத்தில் வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். அந்த ஏழு மாதங்களில் உங்களைப் போன்றவர்கள் இழந்ததை எந்தப் பயிற்சியும் ஈடு செய்யாது. ஆனால் அங்கே தோற்றது சேதன விவசாயம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே பருவத்தில் மாறிவிடலாம் என்ற கட்டளைதான் தோற்றது.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நன்றாக மக்கிய கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு மூடைக்கு ஈடாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் முதற் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும், மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் மெதுவாக வெளிவரும். இவ்வளவு எருவை ஒரு நாடு முழுவதற்கும் சில மாதங்களில் எங்கிருந்து கொண்டுவருவது? ஐரோப்பிய ஒன்றியத்தின் சேதனச் சான்றிதழ் விதிகள்கூட, ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்பதற்கு முன்னர் இரண்டு ஆண்டுகள் மாற்றக் காலமாகக் கொடுக்கின்றன.

ஆகையால் பயிற்சிக்குப் போங்கள், ஆனால் ஒரு ஏக்கரையும் மாற்றுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு அருகிலுள்ள பத்துப் பேர்ச்சை மட்டும் ஒதுக்கி, அதில் மூன்று ஆண்டுகள் செய்து பாருங்கள். உருளைக்கிழங்குக்குப் பின் போஞ்சியை வைக்கும் உங்கள் பழக்கம் மிக நல்லது. போஞ்சியைக் காய் பறித்தபின் வேரோடு பிடுங்காமல் அடியோடு அறுத்து, தழையை அங்கேயே பரப்பிவிடுங்கள். வீதியோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியை எவரும் பொருட்படுத்துவதில்லை. அதன் இலையில் நைதரசனும் பொற்றாசியமும் நிறைய உண்டு, சில வாரங்களிலேயே மக்கிவிடும். விதை வைத்து முற்றுவதற்கு முன் வெட்டி எடுங்கள், இல்லாவிட்டால் காணியிலும் முளைக்கும்.

மீதி நிலத்தில் மருந்து அடிக்கும்போது, கடைசியாக அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாட்கள் விட வேண்டும் என்று போத்தலின் சிட்டையில் எழுதியிருப்பதைத் தயவுசெய்து கடைப்பிடியுங்கள். அந்தப் போஞ்சியைத் தின்பதில் உங்கள் பிள்ளைகளும் அடக்கம்.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் சரிவாகக் கிடக்கும் துண்டு நிலத்தைப் படிப்படியாக வெட்டிப் பாத்தி கட்டலாமா?
– ஒரு வாசகர், கொஸ்லந்தை

பதில்: லயத்தின் பின்சுவரை ஒட்டிய சரிவின் அடியை வெட்டாதீர்கள். அடியை வெட்டினால் மேலே இருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். 2014 ஒக்டோபர் 29 அன்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தில் வெடிப்பு, மரங்கள் திடீரென்று சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணீர் கலங்குவது ஆகிய அறிகுறிகளில் எதைக் கண்டாலும் பாத்தியை மறந்து, குடும்பத்தோடு விலகி, கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வரும் நாட்களில் அந்தச் சரிவுக்கே போக வேண்டாம்.

லயத்திலிருந்து தள்ளிய, மென்மையான சரிவென்றால் செய்யலாம். ஏழடி நீளமான இரண்டு கம்புகளை மேல் முனையில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு கால்களையும் நிலத்தில் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறித்தால், இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துச் சரிவின் குறுக்கே முளைக்கம்பு அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் வெட்டிவேரையோ எலுமிச்சம்புல்லையோ நெருக்கமாக நட்டால் மழை கொண்டுவரும் மண் அங்கே தங்கி, சில ஆண்டுகளில் படி தானாகவே உருவாகும். பழைய கான்களை மூடிப் பாத்தி கட்டிவிடாதீர்கள்; அவற்றை வெட்டிவைத்தவர்களுக்குத் தண்ணீரின் வழி தெரிந்திருந்தது.

கேள்வி: தேயிலைச் சக்கையைச் செடியின் அடியில் போடலாமா?
– ஒரு மாணவி, ஹட்டன்

பதில்: கூட்டெருக் குவியலில் போடுங்கள். செடியின் அடியில் தடிப்பாகப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தின் சார்பில் வீட்டுத்தோட்டமும் சமையலும் சேர்ந்த பயிற்சி ஒன்றை நடத்த விரும்புகிறோம். பணம் அதிகமில்லை. எப்படித் தொடங்குவது?
– மன்றச் செயலாளர், தலவாக்கலை

பதில்: தம்பி, பணம் இல்லாததை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். பதாகைக்கும் சான்றிதழுக்கும் செலவிடும் தொகையில் டொலமைற்று வாங்கலாம்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய், மாலையில் கொழுந்து நிறுத்து, தண்ணீர் பிடித்து, சமைத்து முடிக்கும் பெண்களை வார நாளில் மண்டபத்துக்கு அழைத்தால் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவும் ஓய்வு பெற்றவர்களாகவும்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு, லயத்து வாசலிலேயே, இரண்டு மணிநேரம் போதும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மன்றத்து இளைஞர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்காமல், மூன்று வாரங்களுக்கு ஒரு முறை என்று நான்கு தடவை கூடுங்கள்: மண்ணும் எருவும் ஒரு நாள், நாற்று ஒரு நாள், பூச்சியும் நோயும் ஒரு நாள், விளைந்ததைச் சமைப்பது கடைசி நாள். மூன்றாவது கூட்டத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும், ஏனென்றால் அதற்குள் எல்லோருடைய பாத்தியிலும் ஏதாவது ஒன்று பட்டுப்போயிருக்கும்.

உங்கள் பிரதேசத்துக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் விவசாயப் போதனாசிரியரைத் தொடர்புபடுத்துவார்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். ஆனால் பேசுபவர் அவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டாம். லயத்து வாசலில் நாற்பது ஆண்டுகளாகக் கீரை வளர்த்துவரும் ஒரு பாட்டியாவது உங்கள் தோட்டத்தில் இருப்பார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். என் அம்மாவும் அப்படியொருவர். எந்தக் கான் ஓரத்தில் வல்லாரை நன்றாகப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

கூட்டெருவைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். திறந்த குழியில் போட்டால் அது மக்காமல் அழுகி நாறும். மேட்டில், மூன்றடி நீளம், அகலம், உயரத்துக்குக் குறையாமல் குவித்து, மேலே பழைய தகரத்தைப் போடுங்கள். அதைவிடச் சிறியதாக இருந்தால் நம் குளிரில் உள்ளே சூடு நிற்காது. பச்சைத் தழையும் சாணமும் ஒரு பங்கு என்றால், காய்ந்த மானாப்புல்லும் சருகும் இரண்டு பங்கு வேண்டும். ஒரு வாரம் கழித்து ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சிறிது நேரத்தில் எடுத்தால் கைக்குச் சுட வேண்டும். சுடாவிட்டால் பச்சை போதாது, அல்லது ஈரம் மிகுதி. சமவெளிப் பயிற்சிக் கையேடுகளில் மூன்று மாதம் என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் ஐந்து மாதம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் மாதத்தில் மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள்.

கேள்வி: சமையற் பயிற்சியில் கேக்கும் சாலட்டும் செய்து காட்டினார்கள். வீட்டில் சூட்டடுப்பு இல்லை. காலையில் ரொட்டி, சம்பல், பிளேன்டீ, இரவில் சோறு. பிள்ளைகள் கீரையைத் தொடுவதில்லை, எனக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பண்டாரவளை

பதில்: கிளினிக்கில் தந்த இரும்புச் சத்து மாத்திரைகளை நிறுத்த வேண்டாம், நான் சொல்வது அவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. தேயிலையிலுள்ள தனின் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. பிளேன்டீயை விடச் சொன்னால் யாராலும் விட முடியாது, எனக்கும் முடியாது. சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணிநேரம் பிந்திக் குடியுங்கள். மாத்திரையையும் தேநீரோடு விழுங்காதீர்கள். தேசிக்காய்ப் புளி அதற்கு நேர்மாறு, இரும்பை உடலில் சேர உதவும்.

முள்ளங்கி இலையையும் பூசணித் தளிரையும் நாம் வெட்டி எறிகிறோம். இனிமேல் எறியாதீர்கள். பிள்ளைகளுக்கு ரொட்டிதான் பிடிக்குமென்றால் அந்த இலையை நன்றாகக் கழுவி, மிகப் பொடியாக அரிந்து, சிறிது வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் கோதுமை மாவோடு பிசைந்து சுடுங்கள். முதல் நாள் ஒரு கைப்பிடி இலை, பழகியபின் இரண்டு.

இரவுச் சோற்றுக்குச் சுண்டல் செய்யுங்கள். இலையை நூல் போல அரிந்து, பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள், உப்பு, கிடைத்தால் சிறிது மாசிக் கருவாடு சேர்த்து, தண்ணீர் ஊற்றாமல் சட்டியில் மூன்று நிமிடம் மட்டும் கிளறுங்கள். ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிரட்டி, அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காயைப் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசக்கும், பிள்ளைகள் மறுபடியும் தட்டைத் தள்ளிவிடுவார்கள்.